கொரியா மாளிகையில் அஞ்சலை

ஜூன் 16, திங்கள்

ஐந்தாவது வரை படித்த என் கையில் சாருமதி ஒரு நோட்டைக் கொடுத்திருக்கிறாள். "அக்கா, பேசறதுக்கு முன்னாடி ஒருவாட்டி எழுதிப் பாருங்க. அப்பத்தான் மைக்குல திக்காம வருமுங்க" என்கிறாள். நான் எப்போது திக்கினேன்? என் பேச்சை நிறுத்தத்தான் ஆள் கிடையாது. இருந்தாலும் கொடுத்த நோட்டை வீணாக்கக்கூடாது.

நான் நவநீதம். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் சமையல். சாருமதி பொள்ளாச்சிப் பெண், மூன்றாவது மாடி. கொரியாக்காரர்கள் வரைகிற படக்கதைகளைத் தமிழில் சொல்லி யூட்யூப்பில் போடுவாள். போனில் படம் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும், இவள் கூடவே கதை சொல்லிக்கொண்டு வருவாள். போன வாரம் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால் கொண்டுபோன நான் எட்டிப் பார்த்தேன். படத்தில் ஒரு பணக்கார அம்மாள், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஏழைப் பெண் முகத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை வீசுகிறாள்.

"அடிப்பாவி! குடிக்கிற தண்ணிய மூஞ்சில ஊத்துறியே, எங்க தெருவுக்கு வந்து லாரி பின்னாடி குடத்தத் தூக்கிக்கினு ஓடிப் பாருடி!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன்.

தொண்டை கட்டினவள் அதை அப்படியே பதிந்து போட்டுவிட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் "யார் அந்த அக்கா, அவங்களையே சொல்லச் சொல்லுங்க" என்று எழுதினார்களாம். இப்படித்தான் நான் கொரியாவுக்குப் போனேன்.

என் தங்கை அஞ்சலையும் நானும் சேர்ந்துதான் இந்த அடுக்களையைப் பார்த்துக்கொண்டோம். அதற்கு முன் அவள் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சித்திரை மாதம் காமாலை வந்து போய்விட்டாள். அதை இதில் எழுதப்போவதில்லை. இது கதைக்கான நோட்டு.

ஜூன் 18, புதன்

கதை இதுதான். ஏழைப் பெண் ஒருத்தி ஓட்டலில் தட்டு கழுவுகிறாள். ஊரில் பாதிக் கட்டடம் சொந்தமாக வைத்திருக்கும் பணக்காரனுக்கு அவள் மேல் ஆசை. அவன் அம்மாவுக்கு ஆகவில்லை. இவர்கள் பெயரெல்லாம் என் வாயில் நுழையவில்லை. அதனால் பெண்ணுக்கு ரீனா, பையனுக்குத் துரை, அம்மாளுக்குப் பட்டு மேடம் என்று வைத்துவிட்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம். ரீனா ஏழை, ஏழை என்கிறார்கள். மொட்டை மாடியில் தனி ரூம். உள்ளே ஃபிரிட்ஜ். பாத்ரூமுக்குக் கண்ணாடிக் கதவு. வெளியே உட்கார ஒரு மரப்பலகை, எதிரே ஊர் முழுக்க விளக்கு.

"சாரு, இதுவா ஏழை? எங்க தெருவுல இந்த ரூமுக்குப் பொண்ணு குடுக்க நாலு பேர் வருவான்" என்றேன்.

"அந்த ஊர்ல மாடி ரூம்னா வசதி இல்லாதவங்கன்னு அர்த்தமுங்க அக்கா. வெயில் காலத்துல சுடும், பனிக்காலத்துல வெறைச்சுப் போயிரும்."

வெயில் சுடும் என்றதும் எனக்கு ரீனா மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. நாங்களும் மாடியில் ஷீட் போட்ட ரூமில்தான் இருக்கிறோம். சித்திரை வெயிலில் உள்ளே அப்பளம் பொரிக்க எண்ணெய் வேண்டாம்.

ஜூன் 21, சனி

டீ இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

ஜூன் 25, புதன்

இன்றைக்கு ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். பட்டு மேடம் வீட்டுச் சாப்பாட்டு மேசை ரயில் பெட்டி நீளம். ஒரு கோடியில் அம்மா, மறு கோடியில் மகன். பின்னால் கறுப்புக் கவுனும் வெள்ளை ஏப்ரனும் போட்ட ஒரு பெண், கையில் தட்டோடு நிற்கிறாள். அவளுக்கு முகமே இல்லை. கண், மூக்கு, வாய் ஒன்றும் இல்லாமல் உரித்த முட்டை மாதிரி இருக்கிறது.

"இன்னா சாரு, பாதியில வுட்டுட்டான்?"

"இல்லீங்க அக்கா. முக்கியமில்லாதவங்களுக்கு முகம் வரைய மாட்டாங்க. வாரம் ஒரு அத்தியாயம் முடிச்சாகணும், எல்லாருக்கும் வரைஞ்சா நேரம் பத்தாதுங்க."

"மேடம் கம்மலுக்குக் கல்லு கல்லா எண்ணி வரைஞ்சிக்கிறான்?"

 சாரு போனை மேலே தள்ளிப் பார்த்தாள். முன்னால் வந்த அத்தியாயங்களிலும் அந்தப் பெண் இருக்கிறாள். தட்டோடு நிற்கிறாள், கதவு திறக்கிறாள், பொட்டி தூக்குகிறாள். ஒரு இடத்திலும் முகம் இல்லை.

மைக் ஓடும்போது எனக்குப் பொறுக்கவில்லை. மேடமும் மகனும் முறைத்துக்கொள்ளும் இடத்தில் நிறுத்தி, "பின்னாடி நிக்கிறது நம்ம அஞ்சலை. ரெண்டு பேர் சாப்பிட இம்மாம்பெரிய மேசையா, உப்பு வேணும்னா ஷேர் ஆட்டோ புடிச்சித்தான் போவணும் போலன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினு நிக்கிறா" என்று சொல்லிவிட்டேன்.

சாரு சிரித்த சிரிப்பில் பாதி பதிவு கெட்டுப்போனது. அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்து, "அஞ்சலைன்னீங்களே அக்கா..." என்று இழுத்தாள்.

"சும்மா வாயில வந்திச்சி" என்றேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

ஜனங்களுக்குக் கதையைவிட அஞ்சலையைப் பிடித்துவிட்டது. நல்லதுதான், அவள் இருந்தாலே இடம் கலகலப்பாகிவிடும். துரை கோபம் வந்தால் ஷவரைத் திறந்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பான். "முட்டுறது முட்டு துரை, பைப்ப மூடிட்டு முட்டு, டேங்க்கு காலி" என்கிறாள் அஞ்சலை. மேடம் தட்டில் இத்தனூண்டு கறியும் மூன்று பீன்ஸும் வைத்துப் பூப்போல அலங்கரித்திருந்தார்கள். "பணம் சேர்ந்தா வயிறு சின்னதாயிடுமா?" என்கிறாள் அஞ்சலை.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. படத்தில் அவள் வந்ததும் பேச்சு தானாக வருகிறது.

வார்டன் மேடம் அடுக்களைக்கு ஒரு ஆள் போடட்டுமா என்று மறுபடி கேட்டார். வேண்டாம், எனக்குக் கை நன்றாக ஓடுகிறது என்றேன். பூரி மாவு பிசைந்ததில் தோள்பட்டை விட்டுப்போய்விட்டது. தைலம் தேய்த்தால் சரியாகிவிடும்.

ஜூலை 5, சனி

வீட்டுக்காரர் தண்ணி லாரி ஓட்டுகிறார். பெயர் தணிகாசலம். ரிப்பேருக்கு லாரியை விட்ட இடத்தில் ஒருத்தன் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தானாம். "இது என் பொண்டாட்டி" என்று இவர் சொன்னாராம். "ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான்யா சொல்றான்" என்று அவன் நம்பவில்லையாம். ராத்திரி சோறு போடும்போது, "ஒருவாட்டி மேடத்தத் திட்டிக் காட்டு" என்றார். திட்டினேன். சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

ஜூலை 9, புதன்

ரீனாவுக்கும் துரைக்கும் நிச்சயம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால், மகனை விட்டுப் போகச் சொல்லி மேடம் கவரில் பணம் வைத்து நீட்டினாள், ரீனா வாங்கவில்லை. ஹாஸ்டல் பெண்கள் சாப்பாட்டு ஹாலில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். தன்மானம் என்று ஒரு கட்சி. "வாங்கிக்கிட்டு அவனையும் கட்டிக்கணும்" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிக்கு ஒரு தோசை கூடுதலாக வைத்தேன்.

ஆனால் இன்றைக்குப் பதிந்த பகுதியில் எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. ரீனா இப்போது அந்த மாளிகைக்கு வந்துவிட்டாள். அதே மேசையில், நல்ல கவுன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் அஞ்சலை. அதே தட்டு, அதே முட்டை முகம். ரீனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவளே தட்டு கழுவுனவதானே சாரு? போன வாரம் வரைக்கும் கையில சோப்பு நுரையோட நின்னாளே. ஒரு வார்த்தை, சாப்ட்டியான்னு கேக்கறாளா பாரு."

"அடுத்த படத்துல கேப்பாளோ என்னமோங்க அக்கா."

அடுத்த படத்தில் முத்தம். அதற்கடுத்த படத்தில் கார்.

படத்தை நம்மால் மாற்ற முடியாது. பேச்சு நம்முடையதுதானே. ரீனா வாயைத் திறக்கும் ஒரு படத்தில், "அக்கா, நீயும் உக்காரு, சாப்புடலாம்" என்று சொல்ல வைத்தேன். ஆனால் படத்தில் அஞ்சலை நின்றுகொண்டுதானே இருக்கிறாள்? அதனால் அவளை, "இருக்கட்டும்மா, நான் அப்பவே சாப்ட்டேன்" என்று பதில் சொல்ல வைத்தேன்.

சொன்னதும் மைக்கை நிறுத்தச் சொன்னேன். என் தங்கை வேலை பார்த்த எந்த வீட்டிலும் அப்படித்தான் சொல்வாள். சாப்பிட்டிருக்கவே மாட்டாள். நாக்கில் ஏதோ தூசி என்று சொல்லித் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பதிந்தோம்.

ஜூலை 16, புதன்

காலை பொங்கல், சாம்பார். மிக்ஸி கெட்டுவிட்டதால் சட்னி இல்லை. அஞ்சலை இன்றைக்கு மேடத்தின் நாய்க்குத் தலை வாரினாள். நாய்க்கு முகம் வரைந்திருக்கிறார்கள். நல்ல முகம்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

இன்றைக்கு நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அஞ்சலை படத்துக்கு மாலை போட்டு எங்கள் ரூமில் படையல் வைத்தோம். அவள் மகள் மோனிகா லீவு போட்டு வந்திருந்தாள். தி. நகரில் ஒரு துணிக்கடையில் சேலை காட்டுகிற வேலை. அப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டான், இனி எங்களை விட்டால் அவளுக்கு யார்? அமாவாசை என்றாலும் அவளுக்குப் பிடிக்குமென்று வஞ்சிர மீன் வறுத்து வைத்தேன். காக்காய் வந்து எடுத்தது. எல்லாம் நல்லபடியாக நடந்தது. சாப்பிட உட்கார்ந்த பிறகு மோனிகா இலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பெரிம்மா, கொரியா கதையில அஞ்சலைன்னு ஒருத்தி வருதே, அது எங்கம்மாதானே?"

"சும்மா ஒரு பேருடி."

"பேரு மட்டுமா? 'இம்மாம்பெரிய'ன்னு கைய விரிக்கிற மாதிரியே சொல்ற. 'இருக்கட்டும்மா, நான் அப்பவே சாப்ட்டேன்'. அது யாரு சொல்றது? கடையில கூட வேலை செய்றவங்கள்லாம் கேட்டுச் சிரிக்கிறாங்க. நானும் முதல்ல சிரிச்சேன். ஹெட்போன போட்டுக்கினு திரும்பத் திரும்பக் கேட்டேன். அம்மா பேசற மாதிரியே இருந்திச்சி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குள் அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் படத்தப் பார்த்தேன் பெரிம்மா. எப்பப் பார்த்தாலும் நின்னுக்கினே இருக்குது. உயிரோட இருந்தப்பவும் நாள் பூரா அடுத்தவங்க வூட்டுலயும் அடுக்களையிலயும் நின்னுச்சி. கால் வீங்கி வந்து படுக்கும், நான்தான் அமுக்கி வுடுவேன். இப்ப எங்களுக்கே சட்டம் போட்டுக் கடையில உக்கார ஸ்டூல் குடுத்துட்டாங்க. எங்கம்மாவ நீ இன்னும் தட்டோட நிக்க வச்சிக்கிற. அதுவும் அம்மாந் தூரம் கூட்டிக்கினு போயி."

வீட்டுக்காரர், "ஏய் மோனி, பெரிம்மா ஆசையாதான்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் பெரிப்பா. ஆசையாதான் நிக்க வச்சிருக்குது" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

ஜூலை 25, வெள்ளி

பதிவு இல்லை. உடம்பு சரியில்லை என்று சாருவிடம் சொல்லிவிட்டேன். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஒரு சொம்பு வாங்கி வந்தேன்.

ஜூலை 28, திங்கள்

சாரு அடுக்களைக்கே வந்துவிட்டாள். அரிசி கழுவியபடி மோனிகா சொன்னதை அவளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். உருவத் தெரியவில்லை, காம்போடு போடுகிறாள்.

"கதை முடியப் போகுதுங்க அக்கா. இன்னும் ஒரே அத்தியாயம், கல்யாணம். அதுல அந்த வேலைக்காரப் பொண்ணு வரவே இல்லைங்க. நான் முழுசா பார்த்துட்டேன்."

அரிசி கழுவுவதை நிறுத்தினேன். "வரலியா? எங்க போனா?"

"எங்கயும் போகலைங்க. வரையல, அவ்வளவுதான். மாளிகைய வித்துட்டு ரீனாவும் துரையும் சின்ன வீட்டுக்குப் போயிடறாங்க. ஆனா ஜனங்க அஞ்சலை எங்கன்னு கேப்பாங்க. ஒண்ணு பண்ணலாமுங்க அக்கா. அஞ்சலை லீவுல ஊருக்குப் போயிருக்குதுன்னு சொல்லிக்கலாம். அடுத்த கதையிலயும் ஒரு பணக்கார வீடு வருது. அங்கயும் இதே மாதிரி ஒரு பொண்ணு நிக்குது. அங்க கொண்டுபோயி வெச்சுக்கலாம். எல்லாக் கதையிலயும் நிக்குதுங்க அக்கா."

எல்லாக் கதையிலும் என்றால், நான் பேசுகிற வரைக்கும் அவள் இருப்பாள். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? ஆனால் ஒவ்வொரு கதையிலும் தட்டோடு நிற்க வேண்டும்.

"யோசிச்சி சொல்றேன்" என்றேன்.

ஜூலை 30, புதன்

யோசித்தேன்.

அடுக்களைக்கு ஆள் போடச் சொல்லி வார்டன் மேடத்திடம் சொல்லிவிட்டேன். தோள்பட்டை வலிக்கிறது என்று காரணம் சொன்னேன். உண்மையாகவே வலிக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மோனிகாவுக்கு வார லீவு செவ்வாய். வரச் சொன்னேன். முறைப்பாகத்தான் வந்தாள். சாரு ரூமில் கட்டிலில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். ஃபேன் சத்தம் கேட்கும் என்று அதையும் நிறுத்திவிட்டாள். மூவருக்கும் வேர்த்து ஊற்றியது.

"நீங்க இன்னா வேணா பண்ணுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் மோனிகா.

"இருடி. முதல்ல படத்தப் பாரு" என்றேன்.

சாரு கல்யாண அத்தியாயத்தைத் தள்ளிக்கொண்டே வந்தாள். வெள்ளைக் கவுனில் ரீனா. கண்ணீரோடு மேடம், கடைசி அத்தியாயத்தில் திருந்திவிட்டாளாம். அப்புறம் மண்டபம். திரை கொள்ளாத பெரிய படம். மேலே கண்ணாடி விளக்குகள், கீழே வட்ட வட்ட மேசைகள், வெள்ளைத் துணி, பூ. மேசையைச் சுற்றி விருந்தாளிகள், நூறு பேர் இருப்பார்கள். ஒருத்தருக்கும் முகம் இல்லை. எல்லாம் உரித்த முட்டை. எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நிறுத்து சாரு, நிறுத்து" என்றேன். "மோனி, விருந்தாளிக்கும் முகம் வரையலை பாரு."

மோனிகா குனிந்து பார்த்தாள். எனக்குத் தோன்றியது அவளுக்கும் அதே நொடியில் தோன்றிவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"உங்கம்மா எங்க உக்காரணும்னு நீயே சொல்லு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். "முன்னாடி வேணாம். அம்மா கூச்சப்படும்."

"யாரு, உங்கம்மாவா? அன்னிக்கி கேளம்பாக்கம் கல்யாணத்துல மைக்கப் புடுங்கிப் பாடுனா."

"பாடுனது வேற. போட்டோ எடுத்தா ஓடிடும்." சிரித்தாள். அழுதுகொண்டுதான் சிரித்தாள். "இங்க பச்ச கவுன் ஒருத்தி இருக்கா, இது?"

"அது சமையக்கட்டுக் கதவு பக்கத்துலடி. பழக்கதோஷத்துல எழுந்து உள்ள போயிடுவா."

"ஆமா பெரிம்மா, பாத்திரம் தேய்க்கப் பூந்துடும்."

சாரு வேறொரு மேசையைக் காட்டினாள். "இங்க பாருங்க. தூணுக்கு இந்தப் பக்கம். ஏசி நேரா மேல அடிக்குமுங்க. பக்கத்துல பூ வேற இருக்குது."

நீலக் கவுன் போட்டிருந்தாள். கால்மேல் கால் போட்டு, முதுகை நன்றாக நாற்காலியில் சாய்த்திருந்தாள். பின்னால் ஒரு கோட்டுப் போட்ட சர்வர் குனிந்து அவளுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

"இது" என்றாள் மோனிகா. "இதுதான்."

சாரு மைக்கைத் திறந்தாள். எழுதி வைத்ததைப் பார்க்காமல் பேசினேன்.

"எல்லாரும் அஞ்சலை எங்கன்னு கேக்கறீங்களே, அதோ பாருங்க, தூணுக்குப் பக்கத்துல, நீலக் கலரு. அவதான். வேலைய வுட்டுட்டா. இனிமே எந்தக் கதையிலயும் தட்டு தூக்க வர மாட்டா, கூப்புடாதீங்க. அவ என் தங்கச்சி. நெசமாவே ஒரு தங்கச்சி இருந்தா, சித்திரையில செத்துப் போய்ட்டா. இங்க அவ பொண்ணு பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கு. இத்தினி நாளு அவ பேசுனதுக்கு நீங்க சிரிச்சீங்க, அது போதும். டேய் சர்வர் தம்பி, அந்த மூணு பீன்ஸ் வைக்கிற வேலையெல்லாம் இந்த மேசையில வச்சிக்காதே. பெரிய துண்டா மீன் வை. இருக்கட்டும், அப்பவே சாப்ட்டேன்னு சொல்லுவா. நம்பாதே. வை."

நிறுத்தினேன். சாரு படத்தை நகர்த்த மறந்துவிட்டாள். மோனிகா மைக்கின் பக்கம் குனிந்து, "ரெண்டு துண்டு வைங்க" என்றாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஜனங்கள் எழுதினதை சாரு படித்துக் காட்டினாள். ஒரு பெண் தூத்துக்குடியிலிருந்து, தன் அம்மாவைப் பின்வரிசையில் சிவப்புக் கவுனில் உட்கார வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாள். இன்னொருவர் தன் அண்ணனை. அந்த மண்டபத்தில் இப்போது இடம் இல்லையாம்.

மோனிகா இரண்டு நாளாக எங்களோடு இருக்கிறாள். நேற்று ராத்திரி எனக்குத் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். நன்றாகத் தேய்க்கிறாள், ஆனால் வாய் ஓயவில்லை. அம்மா மாதிரியே.

ஆகஸ்ட் 11, திங்கள்

புதுக் கதை ஆரம்பம். இதில் ஆஸ்பத்திரி முதலாளி மகளுக்கும் ஒரு ஏழை டாக்டருக்கும் காதல். டாக்டர் எப்படி ஏழை என்று கேட்டேன். சாரு அடுத்த படத்தைத் தள்ளினாள். அந்த வீட்டிலும் தட்டோடு ஒரு பெண் நிற்கிறாள். இவள் அஞ்சலை இல்லை, வேறு யாரோ. மூன்று நான்கு பகுதி பார்த்த பிறகு பெயர் வைக்கலாம் என்றிருக்கிறேன். கார் ஓட்டுகிற டிரைவருக்கும் முகம் இல்லை.

ராத்திரி சொன்னதும் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. "டிரைவரா? அப்ப என் பேர வை நவநீ. தணிகாசலம்னு கம்பீரமா இருக்கும்."

"யோவ், வச்சா நீ அங்கயே வண்டிய ஓட்டிக்கினு கெடக்கணும். சாயங்காலமானா வூட்டுக்கு வர முடியாது."

கையில் எடுத்த சோற்றை மறுபடி தட்டில் வைத்தார்.

"அப்ப வேணாம்" என்றார். "கொழம்பு ஊத்து."